நெட்டி முறித்தால் டிக் நிற்குமா?

பாம்பன் பக்கம் உடம்பு வலி இல்லாத வீடு அரிது. வலை இழுப்பவருக்குத் தோள், மீன் பெட்டி தூக்குபவருக்கு இடுப்பு, சின்னப்பாலத்திலிருந்து கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கழுத்து என்று ஒவ்வொருவருக்கும் வலிக்கு ஓர் இடம் உண்டு. அதைத் தீர்த்துவைப்பவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. சுளுக்கு வழித்துவிடும் பாட்டிமார், வர்மம் பார்க்கும் ஆசான்கள், முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் நெட்டி முறித்துவிடும் சலூன்காரர்கள் ஆகியோரின் வரிசையில், அண்மைக் காலமாக, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பும் கைரோபிராக்டிக் என்ற முறையின் பெயரும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கைபேசியைத் திறந்தால் அதன் காணொளிகள் ஓயாமல் வருகின்றன. அவற்றுள் சில, முதுகு வலிக்கும் கழுத்து வலிக்கும் மட்டுமல்லாமல், கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருத்தல், கழுத்தை வெட்டி இழுத்தல், தோளைக் குலுக்குதல் போன்ற டிக் எனப்படும் அசைவுகளுக்கும் இதுவே தீர்வு என்று சொல்கின்றன. அந்தக் கடைசிக் கூற்றைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். கடந்த சில மாதங்களில் இதைப் பற்றி என்னிடம் கேட்ட பெற்றோர் பலர். ஒவ்வொருவருக்கும் தெருவில் நின்று அரைகுறையாகச் சொல்வதைவிட, முழுமையாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

என்னிடம் கேட்பதற்குக் காரணம், எனக்கே இந்த அசைவுகள் இருப்பதுதான். ஒன்றாம் வகுப்பில் கண்களை இறுக்கிச் சிமிட்டுவதாகத் தொடங்கியது. பிறகு மூக்கைச் சுருக்குவதாக மாறியது. ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள் கழுத்தை வலப்பக்கம் வெட்டி இழுப்பதாக வந்து நிலைத்தது. முகத்தில் தொடங்கிக் கழுத்துக்கும் தோளுக்கும் இறங்குவது டிக்கின் வழக்கமான பாதை என்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தொக்கம் எடுத்தார்கள், வேப்பிலையால் மந்திரித்தார்கள், ஓதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். வகுப்பறையிலோ அது சேட்டை என்று முடிவு செய்யப்பட்டு, அதற்கு உரிய பிரம்படியும் கிடைத்தது. ஏர்வாடி தர்காவில் கொஞ்ச நாள் தங்கவைத்துப் பார்க்கலாமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதும் நினைவிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரிலிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். நரம்பின் சிக்கலையும் மனத்தின் சிக்கலையும் பேய் பிசாசின் வேலை என்று நம்பிக்கொண்டிருந்த இந்தக் கடற்கரையில் அந்தச் செய்தியை அறியாத வீடு இல்லை. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால், ஒரு குழந்தையின் கழுத்து வெட்டலை உடம்பின் சிக்கலாகக் கருதி, அதற்குச் சிகிச்சை தேடிப் புறப்படும் பெற்றோரைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. அவர்கள் தேடும் இடம் சரியானதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கவலை.

டிக் என்பது என்ன என்பதை உள்ளிருந்து சொல்ல முயல்கிறேன். கழுத்து இழுப்பதற்குச் சற்று முன்பு, பிடரிக்கும் தோளுக்கும் நடுவே ஓர் இறுக்கம் கூடிக்கொண்டே வரும். அதை வலி என்று சொல்ல முடியாது. அரிப்பு என்றும் சொல்ல முடியாது. கழுத்தை வெட்டி இழுத்ததும் அது தணிகிறது; சிறிது நேரத்தில் மறுபடி கூடுகிறது. இந்த முன்னுணர்வைச் சொல்லத் தெரியும் வயது பல குழந்தைகளுக்குப் பத்தை ஒட்டித்தான் வருகிறது என்பதால், சிறு பிள்ளைகளிடம் கேட்டால் ‘தெரியல’ என்பார்கள். மனம் வைத்தால் கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். தலைமை ஆசிரியர் அறையில் நிற்கும்போது வராத இழுப்பு, வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்ததும் அடுக்கடுக்காக வரும். அடக்க முடிகிறது என்பதாலேயே வேண்டுமென்று செய்கிறான் என்ற பழி வந்து சேர்கிறது. மூச்சையும் கொஞ்ச நேரம் அடக்கலாம். அதற்காக மூச்சு விடுவதைச் சேட்டை என்று யாரும் சொல்வதில்லை.

மருத்துவ உலகம் இதை நீண்ட காலமாக அறிந்திருக்கிறது. 1885இல் ழில் த ல தூரெத் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் இத்தகைய ஒன்பது நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பெயரைக் கொண்டே டூரெட் நோய்க்குறி என்ற பெயர் வழங்குகிறது. உடல் அசைவுகளோடு, தொண்டையைச் செருமுதல், முனகுதல் போன்ற ஒலி டிக்குகளும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதை டூரெட் என்கிறார்கள். அசைவு மட்டும் ஓராண்டுக்கு மேல் இருந்தால் அது நீடித்த அசைவு டிக் கோளாறு. எனக்கு உள்ளது இந்த இரண்டாவது வகை. பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கி, பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்தை அடைந்து, பதின்ம வயதின் பிற்பகுதியில் பலருக்குத் தானாகவே குறைந்துவிடுகிறது. ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். கவனக்குறைவு, மிகுதியான துறுதுறுப்பு, ஒன்றையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் எண்ணச் சுழல் ஆகியவை இதோடு சேர்ந்து வருவதும் உண்டு. சில பிள்ளைகளுக்கு டிக்கைவிட இவையே படிப்பை அதிகம் கெடுக்கின்றன.

இனி கைரோபிராக்டிக்குக்கு வருகிறேன். 1895இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர் தொடங்கிய முறை அது. காது கேளாதிருந்த ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டது என்பதே அதன் தொடக்கக் கதை. காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு முதுகெலும்பின் வழியாகப் போவதே இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். முதுகெலும்பின் கண்ணிகள் சற்றே பிசகி நரம்புகளை அழுத்துவதால் நோய்கள் வருகின்றன, அவற்றைக் கையால் சரிசெய்தால் உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது பால்மரின் கொள்கை. இன்று அந்தத் தொழிலில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பழைய கொள்கையை விட்டுவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு நின்றுகொள்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதுகெலும்பை அழுத்தித் திருப்பும் சிகிச்சை ஓரளவு பயன் தருகிறது என்பதை மருத்துவ வழிகாட்டு நெறிகளே ஒப்புக்கொள்கின்றன. அதில் எனக்குச் சண்டை இல்லை. தலையைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பான அட்லஸ் பிசகியிருப்பதால்தான் டிக் வருகிறது என்று சொல்லும் மற்றொரு பகுதியினரோடுதான் எனக்குக் கருத்து வேறுபாடு.

டிக் கழுத்தில் தெரிகிறது. ஆனால் அங்கே பிறப்பதில்லை. மூளையின் ஆழத்தில் பேசல் கேங்கிலியா எனப்படும் நரம்பணுத் தொகுதிகள் இருக்கின்றன. மூளையின் மேற்பரப்பிலிருந்து அவற்றுக்கும், அவற்றிலிருந்து தலாமஸ் என்ற பகுதிக்கும், அங்கிருந்து மீண்டும் மேற்பரப்புக்கும் செய்திகள் ஒரு வட்டமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. உடம்பு செய்யத் தயாராக வைத்திருக்கும் எத்தனையோ அசைவுகளில், வேண்டாதவற்றை நிறுத்திவைத்து வேண்டியதை மட்டும் வெளியே விடுவது இந்த வட்டத்தின் வேலை. அந்த நிறுத்திவைத்தல் தளரும்போது, தேவையற்ற ஓர் அசைவு வெளியே வந்துவிடுகிறது. டோபமின் என்ற வேதிப்பொருளின் பங்கு இதில் பெரிது. அதன் செயலைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் டிக்கைக் குறைப்பது அதற்கு ஒரு சான்று. மரபணுவுக்கும் வலுவான பங்கு உண்டு. கண் சிமிட்டலில் தொடங்கி மூக்குக்கும் கழுத்துக்கும் இடம் மாறிக்கொண்டே போகும் ஒரு கோளாறின் வேர் ஒரே ஒரு கழுத்தெலும்பில் இருக்க முடியாது என்பதை, மருத்துவம் படிக்காதவர்கூட யோசித்தால் உணரலாம். கண்ணிமையை அசைக்கும் நரம்பு கழுத்து வழியாகப் போகவே இல்லையே.

சான்று என்று எதைக் காட்டுகிறார்கள் என்றும் தேடிப் பார்த்தேன். கைரோபிராக்டிக் சார்ந்த இதழ்களில், இந்தச் சிறுவனுக்குக் குறைந்தது, அந்தப் பெரியவருக்கு நின்றது என்று ஒருவர் இருவரைப் பற்றிய தனி அறிக்கைகள் இருக்கின்றன. சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் இரண்டு குழுக்களாகப் பிரித்து, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து, கழுத்தைத் திருப்புவதால் டிக் குறைகிறது என்று நிறுவிய தரமான ஆய்வு எதுவும் இல்லை. தனி அறிக்கைகளை ஏன் நம்பக் கூடாது என்று ஒருவர் கேட்கலாம். டிக்கின் இயல்பே அதற்கு விடை; அதை விளக்க, என் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்வது எளிது.

எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தியின் மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அவளுடைய கணவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். பையனுக்கு ஜனவரியில் தொடங்கிய கழுத்து வெட்டல், பங்குனி மாதம் ஆண்டுத் தேர்வு நெருங்கியபோது மிகவும் கூடிவிட்டது. அவளுடைய மாமியார் பாசி எடுப்பவர். நெடுநாள் கழுத்து வலிக்கு மதுரையில் ஒருவரிடம் கைரோபிராக்டிக் பார்த்துச் சுகம் கண்டவர். தமக்குக் கேட்ட கை பேரனுக்கும் கேட்கும் என்று அவர் நம்பினார். தகப்பன் வீட்டில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் என்பதால், அந்த நாள்களில் மதுரைக்கு அழைத்துப் போனார்கள். அரசு தரும் தடைக்கால நிவாரணப் பணமும், அதற்கு மேல் வட்டிக்கு வாங்கியதும் அதிலே போயின. மே மாதத்தில் பையனுக்கு இழுப்பு ஏறத்தாழ நின்றே விட்டது. ஜூன் முடிவதற்குள் திரும்பிவிட்டது.

“மே மாசம் நல்லா நின்னுருச்சுண்ணே. பள்ளிக்கூடம் தொறந்ததும் மறுபடி வெட்டுறான். இன்னும் பத்துத் தடவ வரணுங்கிறாக, மொத்தமாப் பணங்கட்டுனாக் கொறச்சுக்கிறோம்ங்கிறாக. நீங்க என்ன சொல்றீக?” என்று அவள் கேட்டாள்.

டிக் ஒரே அளவில் இருப்பதில்லை. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்து, வாடை தொடங்கியதும் அது அடங்கி வடகடல் எழும்புவதை யாரும் தம் கைவேலை என்று சொல்லிக்கொள்வதில்லை. டிக்கின் ஏற்ற இறக்கத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பெற்றோர் எப்போது சிகிச்சை தேடிப் புறப்படுகிறார்கள்? இழுப்பு உச்சத்தில் இருந்து, பார்க்கச் சகிக்காமல் போகும்போது. உச்சத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் இறக்கம்தான். அந்த நேரத்தில் தொக்கம் எடுத்திருந்தால் தொக்கத்துக்கும், தாயத்துக் கட்டியிருந்தால் தாயத்துக்கும், கழுத்தைத் திருப்பியிருந்தால் திருப்பியவருக்கும் பெயர் போய்ச் சேரும். என் அம்மாவும் அப்படித்தான் பலருக்கு நன்றி சொன்னார்.

இந்தப் பையனின் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பதற்றம், சோர்வு, தூக்கக் குறைவு, எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற உணர்வு ஆகியவை டிக்கைக் கூட்டுபவை. மே மாதத்தில் தேர்வு இல்லை, வகுப்பில் கேலி இல்லை, ‘ஆடாம உக்காரு’ என்று அதட்டும் குரல் இல்லை. ஆண்டு முழுவதும் கடலில் இருக்கும் அப்பா வீட்டில் இருக்கிறார். அவரோடு பேருந்தில் மதுரைக்குப் பயணம் வேறு. அந்தப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய மருந்தாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். விடுமுறை முடிந்து, அப்பா கடலுக்குப் போய், பள்ளியும் திறந்ததும் இழுப்பு திரும்பியது. இதற்கு எலும்பு மறுபடி பிசகிவிட்டது என்ற விளக்கம் தேவையே இல்லை.

நானும் ஒருமுறை அத்தகைய ஓர் இடத்துக்குப் போயிருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் வெட்டி இழுத்ததால் என் கழுத்தின் வலப்புறத் தசை எப்போதும் கல்லாக இறுகியிருக்கும். சில நாள்களில் தலைவலியாகப் பின்மண்டை வரை ஏறும். அந்த வலிக்காகத்தான் போனேன். பார்த்தவர் பொறுமையானவர். கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு இழுப்பு வந்துகொண்டே இருந்ததால், அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். கழுத்தைச் சட்டென்று திருப்பும் முறையைத் தவிர்த்து, தசையை மெல்ல அழுத்தித் தளர்த்தினார். முதுகில் மட்டும் நெட்டி முறித்தார். வலி குறைந்தது, கழுத்து இலேசானது, சில நாள்கள் நன்றாகத் தூங்கினேன். டிக்கோ அன்று மாலையே வழக்கம்போல் வந்தது. வலி குறைந்ததால் எரிச்சல் குறைந்து, அதனால் இழுப்பும் ஓரிரு நாள் சற்றுத் தணிந்திருக்கலாம். ஆனால் வலிக்கான சிகிச்சையையும் டிக்குக்கான சிகிச்சையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னதை வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி, கைதேர்ந்த ஒருவரின் மெல்லிய அழுத்தம் ஆகியவற்றால் பெறலாம். பின்னது இவற்றால் கிடைப்பதில்லை.

நெட்டி முறிக்கும்போது கேட்கும் ஒலியைப் பற்றியும் ஒரு சொல். பிசகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று பலரும் நம்புகிறார்கள். மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளேயிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குழி உண்டாகிறது; அந்தச் சத்தம் அதனால் எழுவது. விரல்களுக்கு நெட்டி முறித்தால் எழும் ஒலியும் அதேதான். அந்த ஒலி எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் மூளையில் ஓடும் அந்த வட்டத்தில் எதுவும் மாறியதற்கு அது அடையாளமாகாது.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, செய்து பார்த்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். முதுகென்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். கழுத்து அப்படிப்பட்ட இடமன்று. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக ஏறி, அட்லஸ் எலும்பின் மேல் வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து, இரத்தக் கட்டி உருவாகி, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, கழுத்தைத் திருப்புவதற்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுவதாகவும், அதைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றும் கூறியது. நேர்மையாகச் சொல்வதென்றால், திருப்புவதே காரணமா, அல்லது ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனி தரும் கழுத்து வலிக்காகத்தான் அவர்கள் சிகிச்சைக்கே போனார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. கனடாவில் 2008இல் வந்த ஒரு பெரிய ஆய்வு இரண்டாவது விளக்கத்தின் பக்கம் சாய்ந்தது. இத்தகைய கிழிசல் மிக அரிது என்பதும் உண்மை. ஆனாலும் பலனே நிறுவப்படாத ஒன்றுக்காக அந்த அரிய ஆபத்தைக்கூட ஒரு குழந்தையின் மேல் ஏற்றிவைக்க எனக்கு மனம் வரவில்லை. மேலும் டிக் உள்ளவரின் கழுத்து, பிடித்திருப்பவர் எதிர்பாராத நொடியில் தானாக வெட்டி இழுக்கக்கூடியது. வெளியிலிருந்து ஒரு விசையும் உள்ளிருந்து ஒரு விசையும் ஒரே நேரத்தில் சேர்வதை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது. சலூனில் தலையைப் பிடித்துத் திருப்புவதை டிக் உள்ள எவரும் ஏற்கவே கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கடுமையான கழுத்து டிக் பல ஆண்டுகள் நீடித்தால், அதுவே கழுத்துத் தட்டுகளைத் தேய்த்து, சிலருக்குத் தண்டுவடத்தை அழுத்தியிருக்கிறது. கை விரல்கள் மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடையில் கால் விறைப்பது, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவை தோன்றினால், யாரும் கழுத்தில் கைவைக்கும் முன்பு நரம்பியல் மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பிய பிறகு புதிதாகக் கடும் கழுத்து வலியோ தலைவலியோ, தலைச்சுற்றலோ, பார்வை இரட்டிப்பதோ, பேச்சுக் குழறுவதோ வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? இந்தக் கேள்விக்கு இன்று தெளிவான விடை இருப்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். டிக்குக்கென்றே வகுக்கப்பட்ட ஒரு நடத்தைப் பயிற்சி இருக்கிறது. அதன் விதை 1973இல் அஸ்ரின், நன் என்ற இருவர் உருவாக்கிய பழக்க மாற்றுப் பயிற்சி. அதை விரிவாக்கி 9 முதல் 17 வயது வரையிலான 126 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. பத்து வாரப் பயிற்சியின் முடிவில், பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ 53 சதவீதத்தினரும், ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 19 சதவீதத்தினரும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பெரியவர்களிடம் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்விலும் 38 சதவீதத்துக்கு 6 சதவீதம் என்ற அளவில் வேறுபாடு இருந்தது. இந்த எண்கள் அற்புதத்தைக் காட்டவில்லை. ஆனால் இரண்டு குழுக்களை அருகருகே வைத்து, யார் எந்தக் குழு என்று அறியாதவர்களைக் கொண்டு அளந்து பெற்றவை.

அந்தப் பயிற்சியில் மந்திரம் எதுவும் இல்லை. முதலில், இழுப்பு வருவதற்கு முன் எழும் உணர்வை அடையாளம் காணப் பழக்குவார்கள். அடுத்து, அந்த உணர்வு எழுந்ததும் டிக்கோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத வேறொரு சிறிய செயலைச் செய்யச் சொல்வார்கள். எனக்குக் கற்றுத்தந்தது இது: முகவாயைச் சற்றே கீழே இறக்கி, பார்வையை நேராக வைத்து, கழுத்துத் தசைகளை மெல்ல இறுக்கி, ஒரு நிமிடமோ அந்த உணர்வு அடங்கும் வரையோ அப்படியே இருப்பது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக்கூட அது தெரியாது. தொடக்கத்தில் அந்த உணர்வு எல்லை மீறிக் கூடி, கண்ணீர் வரும் அளவுக்குத் தொல்லை தந்தது. இழுக்காமலேயே அது தணியும் என்பதை மூளை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. இன்றும் எனக்கு டிக் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் கழுத்து இழுப்பு பெரும்பாலான நாள்களில் என் கட்டுக்குள் இருக்கிறது. மூன்றாவதாக, வீட்டிலும் பள்ளியிலும் டிக்கைக் கூட்டும் சூழல்களைக் கண்டுபிடித்து மாற்றுவார்கள். அதட்டுவதும் குறைக்காது, ‘பாவம்’ என்று வீட்டுப்பாடத்திலிருந்து விடுவிப்பதும் குறைக்காது என்பது அங்கே நான் கற்ற முக்கியமான பாடம்.

எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைக்கு வலியோ அவமானமோ படிப்புத் தடையோ இல்லையென்றால், அது என்ன என்பதை அவனுக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் விளக்கிவிட்டுப் பொறுத்திருப்பதே போதும். கடுமையாக இருந்தால் குளோனிடின், அரிப்பிப்ரசோல், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் உண்டு. தூக்கக் கலக்கம், எடை கூடுதல் போன்ற பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் மருத்துவரின் கீழ்தான் அவற்றை எடுக்க வேண்டும். கழுத்தின் ஒரே தசையில் நிலைத்துவிட்ட டிக்குக்கு, அந்தத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் அதன் பயன் நிற்கும். பதின்ம வயதில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ஒன்றிரண்டு நாளில் திடீரென்று பெரிய பெரிய அசைவுகள் தொடங்கினால் அது வேறு வகையாக இருக்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் இப்படி நிகழ்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சையும் வேறு என்பதால், முதலில் நோயைச் சரியாக இனங்காண்பது அவசியம்.

அதற்கு நம் மாவட்டத்தில் இப்போது வழி இருக்கிறது. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எழுதித்தரச் சொல்லிக் கேட்கலாம். நடத்தைப் பயிற்சிக்கு மருத்துவ உளவியலாளரை நாட வேண்டும். டிக்குக்கான பயிற்சி தெரியுமா என்று வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை, ஏனென்றால் எல்லோரும் அதில் பழகியவர்கள் அல்லர். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கழுத்து வலிக்காக ஒரு கைரோபிராக்டரிடம் போக விரும்புகிறவர்களை நான் தடுக்கப் போவதில்லை. எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று கேளுங்கள். எனக்கு டிக் இருக்கிறது, கழுத்தை வேகமாகத் திருப்ப வேண்டாம் என்று கட்டிலில் படுக்கும் முன்பே சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். டிக்கை நிறுத்திக்காட்டுகிறேன் என்பவரிடமும், பல தடவைக்கான பணத்தை மொத்தமாக முன்பே கேட்பவரிடமும், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் பணம் கட்டாதீர்கள்.

என் தங்கை முறைக்காரியிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். “மதுரைக்கு இன்னொரு தவணை கட்ட வேணாம்மா. மொதல்ல ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில புள்ளையக் காட்டு. மாமியாரு கழுத்து வலிக்குப் போறாகன்னா அது வேற” என்றேன். அவள் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. மே மாதத்தில் அவன் அமைதியாக உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் கண்டவள் அவள். அதை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கும் எளிதாக மனம் வராது. இரண்டு நாள் கழித்து வந்து, மருத்துவமனைக்கு எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டாள். போகும் முன் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: பையனுக்குத் தெரியாமல், அவன் இயல்பாக இருக்கும்போது கைபேசியில் சிறு காணொளிகளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மருத்துவரின் முன்னால் உட்கார்ந்ததும் பிள்ளைகள் அடக்கிவிடுவார்கள், மருத்துவரால் எதையும் பார்க்க முடியாமல் போய்விடும். எந்த நேரத்தில் கூடுகிறது, எப்போது குறைகிறது, தூக்கம் எப்படி, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அவனுடைய வகுப்பு ஆசிரியையைப் பார்க்க நானும் உடன் போனேன். அவனைத் தனியே பெயர் சொல்லி அதட்ட வேண்டாம் என்றும், எல்லோரும் பின்னால் இருந்து பார்க்கும் முன்வரிசையிலிருந்து ஓரத்து இருக்கைக்கு மாற்ற வேண்டும் என்றும், இழுப்பு கூடும்போது தண்ணீர் குடிக்கவோ சுண்ணாம்புக்கட்டி எடுத்துவரவோ வெளியே அனுப்ப வேண்டும் என்றும், தேர்வில் சற்றுக் கூடுதல் நேரம் தர முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றும் கேட்டோம். முதல் மூன்றையும் அவர் அங்கேயே ஏற்றுக்கொண்டார். நான்காவதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.